கார்டு பீரோவுக்குள்ள இருக்குதுங்க!

அதிபுத்திசாலியைக் கவிழ்க்க எதிரி எவனும் தேவையில்லை, அவனே போதும். (வேறு யாரை? என்னைத்தான் சொல்கிறேன்.)

கிரெடிட் கார்டு மோசடி பற்றி எங்கள் சிங்காநல்லூர் வீதிக்கே அப்போது நான்தான் வாத்தியார். யாரும் கேட்காமலே பாடம் நடத்துவேன். "பேங்க்ல இருந்துன்னு எவன் கூப்பிட்டாலும் உண்மையை மட்டும் சொல்லிப்போடாதீங்க!" பயத்தில் போனில் பணம் அனுப்பும் வசதியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளகோவிலில் என் தங்கை மகள் தாரணிக்கு மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் நான் கம்மல் கொண்டுபோகாமல் ஆசாரி ஊசியையே எடுக்க மாட்டார். வெறுங்கையோடு போனால் சொந்தபந்தம் முன்னால் தலைகாட்ட முடியுமா? மனைவி சுமதியோடு நகைக்கடைக்குப் போய் கம்மலும் ஒரு செயினும் எடுத்தேன். பில் போடுபவர் என் கார்டை மெஷினில் சொருகினார். மெஷின் யோசித்தது. என் போன் அடித்தது.

"சார், பேங்க்ல இருந்து பேசறேன். இப்ப ஒரு நகைக்கடையில உங்க கார்டுல பணம் எடுக்கறாங்க. நீங்கதானா சார்?"

சிக்கினான்டா திருடன்! (பேசியது பெண். அது ஒரு கூட்டமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன்.)

"நானா? ஊட்டுல கட்டல்ல படுத்திருக்கறனுங்க அம்மணி!" கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "கார்டு பீரோவுக்குள்ள பத்திரமா இருக்குதுங்க!"

"அப்ப கார்டை உடனே பிளாக் பண்ணிடறோம் சார்."

போனை வைத்துவிட்டு வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தேன். பில் போடுபவர் நகைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கதவை மறித்து நின்றார்.

"ஏனுங்க சார், இது யாரு கார்டுங்க?"

"என்துதானுங்க!"

"சரிங்க. செத்த இப்படி உக்காருங்க. காபி சாப்புடறீங்களா?" (திருடனைப் பிடித்தாலும் 'ங்க' போட்டுக் காபி கொடுப்பது எங்கள் ஊர்தான்.)

பதறிப்போய், கார்டின் பின்புறம் இருந்த எண்ணைப் பார்த்து வங்கியைக் கூப்பிட்டேன்.

"கார்டு உங்ககிட்ட இல்லாம யாரோ யூஸ் பண்றாங்கன்னு பதிவாகியிருக்கு சார். புதுக் கார்டுதான் வரும். அந்த ஆளைப் பிடிச்சுட்டாங்களா?"

"பிடிச்சுட்டாங்கம்மா. காபி குடுத்து உக்கார வெச்சிருக்கறாங்க."

அழுகையே வந்துவிட்டது. சுமதி தன் போனை எடுத்து, மேஜை மேலிருந்த கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தாள். காய்கறிக்குப் பணம் போடுகிற அலட்சியத்தோடு கட்டிவிட்டு, "ஏனுங்க, கட்டல்ல இருந்து எந்திரிச்சு வாறீங்களா?" என்றாள்.

மறுநாள் விழாவில் தாரணி என்னவோ என் மடியில்தான் உட்கார்ந்தாள். ஆனால் சங்கதி எனக்கு முன்பே வெள்ளகோவில் வந்து சேர்ந்திருந்தது. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நான் நுழைந்ததுமே, "மாமன் சீர் இல்லீங்கோ, அத்தை சீர் வந்துருச்சுங்கோ!" என்று தங்கையின் கணவர் குரல் கொடுத்தார். பந்தல் அதிர்ந்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

போன மாதம் தாரணியின் தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். தங்கை எனக்குப் போன் செய்யவில்லை, சுமதிக்குத்தான் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அண்ணி, சீரு கொண்டுட்டு வந்துருங்க. அப்படியே அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. பையனை உக்கார வெக்க மடி வேணுமுங்கல்ல?"