என் ஐஸ்கிரீம் பாத்திரத்தில் எனக்குப் பாடு இல்லை

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஐஸ்கிரீம் செய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

காரணம் என் மாமனார். சுண்ணாம்புக்குளத்துக்காரர், ஏரியில் மீன் பிடித்தே வளர்ந்தவர். வாயில் மிச்சமிருந்த பற்களையும் சனிக்கிழமை பிடுங்குவதாக ஏற்பாடு. "அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்குச் சூடா எதுவும் வேண்டாம், மெல்லவும் கூடாது. ஜில்லுனு, மெத்துனு குடுங்க" என்று பல் டாக்டர் சொல்லிவிட்டார். மனிதருக்குச் சர்க்கரை வியாதி வேறு. அதனால் கடை ஐஸ்கிரீமும் கூடாது.

என் மனைவி ஜெயா போனில் தன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாள்.

"நீ நம்ம ஊட்டுக்கு வந்துடு நைனா. உன் மாப்ள சக்கர போடாம ஐஸ்கிரீம் செஞ்சு வெச்சிருப்பாரு."

அந்த மாப்பிள்ளை பக்கத்தில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கருவி இல்லாமல் இல்லை. துபாயிலிருந்து வந்த ஜெயாவின் சித்தப்பா மகன் ஒரு மாவு பிசையும் மெஷினைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மேஜை மேல் குனிந்து நிற்கும், ஓர் ஆட்டுக்குட்டியின் கனம். அதோடு ஐஸ்கிரீம் செய்யத் தனியாக ஒரு பாத்திரமும் துடுப்பும். பாத்திரத்துக்கு இரட்டைச் சுவர். நடுவில் ஏதோ ஒரு திரவம்.

நான் கிளை நூலகத்தில் வேலை பார்ப்பவன். மெஷினோடு வரும் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்கும் அரிய இனம். எனக்குத் தெரியாத மொழிப் பக்கங்களைக்கூட மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்தேன்.

கையேட்டின் சாரம் இது: பாத்திரத்தை முழுதாக ஒரு நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். எடுத்து ஆட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கக் கூடாது. ஒரு தடவை ஐஸ்கிரீம் கடைந்தால், மறுபடி ஒரு நாள் ஃப்ரீசர்.

எங்கள் ஃப்ரீசரைத் திறந்தேன். ஒரு பனிக்குகை. போன வருடம் வாங்கிய பச்சைப் பட்டாணிப் பாக்கெட் ஒன்று சுவரோடு சுவராக உறைந்து, கல்வெட்டுப் போல இருந்தது. பாத்திரம் என்ன, ஒரு கிண்ணம்கூட நுழையாது.

வியாழக்கிழமையே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தேசம்மா அக்காவிடம் போனேன். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் இறாலும் நண்டும் வாங்கி விற்பவர். ஆளே படுக்கலாம் போன்ற ஒரு பெட்டி ஃப்ரீசர் வைத்திருக்கிறார்.

"இன்னா சார் இது? குண்டானா?"

"ஐஸ்கிரீம் பாத்திரம்க்கா. இதுக்கு ரெண்டு சுவர். நடுவுல இருக்கற திரவம் உறைஞ்சு..."

"கத வோணாம் சார். எறா மேல வெச்சுட்டுப் போ."

போயிருக்கலாம். ஆனால் அக்கா வீட்டு நிழலில் முனுசாமி அண்ணன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஊரில் பெரிய மனிதர்களில் ஒருவர். அவர் தலையைத் தூக்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சார், இத்துல எத்தினி தபா ஐஸ் எடுக்கலாம்?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அது ஒரு வியாதி.

"ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் அண்ணே. ஒருத்தர் எடுத்துட்டா, அடுத்தவர் மறுநாள்தான்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "ஓ," என்றார்.

அந்த 'ஓ'வை நான் கவனித்திருக்க வேண்டும்.

வெளியூர் நண்பர்களுக்காக இங்கே ஒரு சிறு விளக்கம். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அதன் பெயர் பாடு. ஒருவர் பாட்டில் இன்னொருவர் வலை போட்டால் ஊரே எழுந்து நிற்கும். நியாயமான ஏற்பாடு. நூலகத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு நானே இதைப் பற்றி நீளமாகச் சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டும் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை. பாத்திரம் உறைந்துவிட்டதா என்று ஆட்டிப் பார்க்கப் போனேன். ஃப்ரீசரைத் திறந்தால் இறால் இருக்கிறது, நண்டு இருக்கிறது, பாத்திரம் இல்லை.

"அக்கா! பாத்திரம் எங்க?"

"ஏரிக்குப் போயிருக்குது சார்."

"ஏரிக்கா?"

"இன்னிக்குப் பாடு கோவிந்தனுக்கு. எடுத்துக்கினு போயிருக்கான்."

"எதுல பாடு?"

"குண்டான்லதான் சார். நேத்து எனக்கு விழுந்துச்சு. மல்லிப்பூ வெச்சேன். பாரு, இன்னும் வாடல!" என்று தலையைத் திருப்பிக் காட்டினார். வாடவில்லைதான். பூவில் லேசாக இறால் வாசம்.

அதற்குள் கோவிந்தனின் படகே கரைக்கு வந்துவிட்டது. என் பாத்திரம் அவன் மடியில். பாத்திரத்துக்குள் ஒரு தண்ணீர் பாட்டில், விளிம்பில் மீன் செதில்.

"சூப்பர் சார்! நடு ஏரியில ஜில்லுனு தண்ணி குடிச்சேன். இன்னா மெஷின் சார் இது!"

வாங்கி ஆட்டினேன். உள்ளே அலையடித்தது.

"போகட்டும் தம்பி. நாளைக்கு எனக்கு வேணும்," என்று பாத்திரத்தை நானே ஃப்ரீசரில் வைத்தேன்.

"நாளைக்கு முனுசாமி அண்ணனுது சார்," என்றான் கோவிந்தன்.

நேரே முனுசாமி அண்ணனிடம் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, டீ வரவழைத்து, மிகுந்த அன்போடு விளக்கினார்.

"எட்டுப் பேரு கேட்டாங்க சார். பொருள் ஒண்ணு. ஒரு நாளைக்கு ஒருத்தருதான்னு நீயே சொன்ன. சண்ட வரக் கூடாது பாரு. சீட்டுக் குலுக்கிட்டோம்."

குலுக்கியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை விழுந்ததும் அவருக்கே.

"அண்ணே, சீட்டுல என் பேரு?"

"நீ தலைக்கட்டு இல்லியே சார்."

தலைக்கட்டு என்றால் ஊரில் வரி கொடுக்கும் குடும்பம். நான் நெல் விளையும் ஊரில் பிறந்து, இங்கே வாடகைக்கு இருப்பவன்.

"ஆனா பாத்திரம் என்னுது அண்ணே!"

"உன்னுதுதான் சார். யாரு இல்லன்னாங்க? ஏரி கவர்மென்ட்டுது. அத்தொட்டு கவர்மென்ட்டு வந்து எறா புடிக்குதா?"

நூலகத்தில் எத்தனையோ சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன. இதற்குப் பதில் எதிலும் இல்லை.

"சரி அண்ணே, நீங்க நாளைக்கு ஐஸ்கிரீம் செய்யப் போறீங்களா?"

"நானா? எனக்கு ஐஸே ஆவாது. தொண்ட கட்டும்."

"அப்ப எனக்கு விட்டுக் குடுக்கலாமே?"

அவர் முகம் மாறியது. "பாட்ட விக்கறதும் தப்பு, விட்டுக் குடுக்கறதும் தப்பு சார். நான் ஒருத்தன் விட்டேன்னா நாளைக்கு ஏரியிலயும் அதே கேப்பாங்க."

ஞாயிறு மதியம் மாமனார் வந்து இறங்கினார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. பல் போனால் சொல் போகும் என்பார்கள். இவருக்குப் பல் போன பிறகு சொல் கூடிவிட்டது.

"மாப்ள, எங்க ஐஸு? நேத்துலேர்ந்து வெறும் மோரு. வவுத்துக்குள்ள தவள கத்துது."

ஜெயா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"கெழம் நேத்துலேர்ந்து பட்டினி. கஞ்சி வெச்சா வோணான்னு தள்ளுது. ஐஸ்கிரீம்னு சொல்லித்தான் இட்டாந்திருக்கேன். இன்னிக்கு அது வவுத்துல எதுனா எறங்கலன்னா, ராத்திரி மாத்திர எப்படிங்க குடுக்கறது? போய் அந்தக் குண்டானத் தூக்கினு வாங்க!"

இதற்குப் பிறகு ஒரு மனிதன் ஒழுக்கத்தைப் பார்க்க முடியுமா? தேசம்மா அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பின்வாசல் வழியாகப் போய் பாத்திரத்தைத் துண்டுக்குள் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். ஆட்டினேன். சத்தம் இல்லை! பாலும் க்ரீமும் இனிப்புக்கு ஊற வைத்த இரண்டே பேரீச்சம்பழமும் அரைத்துக் குளிர வைத்தது தயாராக இருந்தது. மெஷினில் பாத்திரத்தை மாட்டக் கையைத் தூக்கினேன்.

"மாப்ள," என்றார் மாமனார் வாசலிலிருந்து. "ஏன் துண்டுல சுத்தியாந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எதையும் அடிக்குறிப்போடு சொல்லிப் பழகியவன். முழுக் கதையையும் சொன்னேன். மனிதர் என் பக்கம் பேசுவார் என்று வேறு எதிர்பார்த்தேன்.

"இன்னிக்குப் பாடு யாருது?" என்றார்.

"பாத்திரம் நம்முது மாமா."

"குண்டான் கெடக்கட்டும். பாடு யாருது?"

"முனுசாமி அண்ணனுது."

"அப்ப எனக்கு வோணாம்."

"நைனா!" என்று ஜெயா கத்தினாள்.

"அடுத்தவன் பாட்டுல புடிச்சத எங்கப்பனும் தின்னதில்ல, நானும் தின்னதில்ல. வாயில பல்லு இல்லன்னா மானமும் இல்லியா? போய் எட்த்த எடத்துல வெச்சுட்டு வா மாப்ள."

பின்வாசல் வழியாகவே திரும்பப் போனேன். பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால் தேசம்மா அக்கா.

"இன்னா சார், எட்த்து வெக்கற மாதிரி கீது?"

"இல்லக்கா. உறைஞ்சிடுச்சான்னு பாத்தேன்."

"உறைஞ்சிடுச்சா?"

"நான் உறைஞ்சிட்டேன்க்கா."

வீட்டுக்கு வந்தால் அங்கே முனுசாமி அண்ணன் மாமனாரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்கத் தைரியம் இல்லை. இரண்டு பெரியவர்களும் காற்று, தண்ணீர், இறால் எல்லாம் பேசி முடித்து, கடைசியில் என் விஷயத்துக்கு வந்தார்கள்.

"பாட்டுக்காரன் கூலிக்கு ஆளு வெச்சுக்கலாம். எங்கூர்ல உண்டு," என்றார் மாமனார்.

"எங்கூர்லயும் உண்டு," என்றார் முனுசாமி அண்ணன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மெஷினு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார் முனுசாமி அண்ணன்.

என் வீட்டில், என் மெஷினை எனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டு, என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

முனுசாமி அண்ணன் தானே போய்ப் பாத்திரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீடுதான்; அந்தப் பத்தடி வழியிலேயே நான்கு பேரிடம் நின்று பேசினார். நான் பின்னாலேயே, "அண்ணே உருகுது, அண்ணே உருகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "கூலியாளு ரொம்பப் பேசறான்பா" என்று ஐந்தாவது ஆளிடம் சொன்னார்.

மெஷினில் மாட்டினேன். பாலை ஊற்றினேன். சுவிட்சைப் போட்டேன். துடுப்பு அழகாகச் சுற்றியது. பால் ஓரத்தில் மெல்லக் கெட்டியானது. ஜெயாவின் முகத்தில் ஒரு வெளிச்சம்.

கரண்ட் போனது.

எல்லாரும் ஃபேனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஆளுதான் கீதே," என்றார் முனுசாமி அண்ணன்.

பாத்திரத்தைத் தரையில் வைத்து, இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கி, துடுப்பைக் கையால் பிடித்துச் சுற்றினேன். மாமனார் ஒரு பக்கம் நாற்காலியில், முனுசாமி அண்ணன் மறுபக்கம் நாற்காலியில்.

"வலி சார், வலி! விடாத!"

"இடுப்பக் குடுத்து வலி மாப்ள!"

"இதைக் கடைதல்னு சொல்லணும் மாமா. வலிக்கறது படகுக்கு," என்றேன் மூச்சு வாங்க.

"வாய் நிக்குதா பாரு. இன்னும் பலமா வலி!"

தெருவே வாசலில் நின்று பார்த்தது. தேசம்மா அக்கா சிரித்த சிரிப்பில் மல்லிப்பூ உதிர்ந்தது. தோள் கழன்று கையோடு வந்துவிடும் என்று நான் நினைத்த நேரத்தில், துடுப்பு அசைய மறுத்தது. ஐஸ்கிரீம்!

உடனே பங்கு. அதற்கும் முறை உண்டு.

"பாட்டுக்காரனுக்குப் பாதி," என்று முனுசாமி அண்ணன் ஒரு கிண்ணத்தில் தனக்கு எடுத்துக்கொண்டார். "வலைக்கு ஒரு பங்கு. இங்க வலைன்னா மெஷினு."

"மெஷின் என்னுது," என்றேன் வேகமாக.

"எந்தம்பி எனக்குக் குடுத்தது," என்றாள் ஜெயா. வலைப் பங்கு முழுவதும் அவள் கிண்ணத்துக்குப் போய், அங்கிருந்து மாமனார் மடிக்குப் போனது.

அவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

"எறா வாசன கீது," என்றார்.

ஜெயா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"நல்லா கீது!" என்றார். கிண்ணம் காலியாகும் வரை நிமிரவில்லை. முனுசாமி அண்ணனும் தொண்டையை மறந்து நக்கிப் பார்த்துவிட்டு, தன் பங்கையும் பாதிக்கு மேல் அவருக்கே தள்ளினார். மாமனார் வயிறு நிறைந்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு, குழந்தை போலத் தூங்கிவிட்டார்.

"அண்ணே, என் கூலி?"

"துடுப்புல ஒட்டினு கீதே சார். அது ஆளுக்குத்தான்."

நக்கினேன். இறால் வாசனையை மறைக்க ஏலக்காய் போட்டிருக்கலாம் என்று தோன்றியது.

முனுசாமி அண்ணன் கிளம்பும்போது என் முதுகில் தட்டினார். "நல்லா வலிக்கிற சார். மெஷினு கூடத் தேவயில்ல. நாளைக்குப் பாடு கன்னியம்மாவுக்கு, அடுத்த நாளு அவ கொழுந்தனுக்கு. ரெண்டு பேருக்கும் நீதான் ஆளுன்னு சொல்லிட்டேன்."

இப்போதெல்லாம் மாலையில் நூலகத்தைப் பூட்டியதும் நேராக வேலைக்குப் போகிறேன். என் வீட்டுக்கு.