பால் டின்னுக்குப் பல்வலி

மங்களம் தோட்டத்து லயத்து வாசலுக்கு ஓடி வருவதற்குள் அவளுடைய அம்மாவின் பல்லிலிருந்து புழு விழுந்துவிட்டது.

"ஆத்தாடி, எம்புட்டு வெள்ளையா இருக்கு பாரு!"

"ஒன்னு ரெண்டு இல்லலா, ஒரு குடும்பமே குடியிருந்திருக்கு!"

கூட்டம் தண்ணீர் நிறைந்த வட்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மங்களம் அம்மாவைப் பார்த்தாள். வீரம்மாவின் இடது தாடை பப்பாளிக்காய் மாதிரி வீங்கி, ஒரு கண்ணைப் பாதி மூடியிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு விடும்போது தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். மங்களத்துக்கு வயது பதினெட்டு. ஈப்போவில் மிஸ்ஸி வேலைக்கு, அதாவது நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. ஆனாலும், சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சு அடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"எந்திரிம்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சும்மா இருடி," என்றாள் வீரம்மா, வாயைத் திறக்காமலே. "புழு வந்துருச்சுல்ல. இனி வத்திரும்."

புழுவை வரவழைத்தவர் காவி கட்டிய பத்துமலை சாமி. பாகான் செராயிலிருந்து பத்து காஜா வரைக்கும் பல்வலிக்காரர்கள் வாடகைக் கார் பிடித்து வந்து அவர் முன்னால் வாயைத் திறந்தார்கள். வைத்தியம் சுலபம். தண்ணீர் வட்டாவின் நடுவே பழுக்கக் காய்ச்சிய இரும்பு. அதன்மேல் எண்ணெயில் பிசைந்த ஏதோ விதை. மேலே ஓட்டை போட்ட சிரட்டை, ஓட்டையில் பப்பாளித் தண்டு. தண்டு வழியே வரும் புகையை வாயில் வாங்கிக்கொள்ள வேண்டும். சாமி மந்திரம் சொல்லிச் சிரட்டையைத் தூக்கினால் தண்ணீரில் புழு மிதக்கும். வாயில் இருந்த புழு, மூடியிருந்த சிரட்டைக்குள் எந்த வழியாகப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் புழு கோபித்துக்கொள்ளும்.

மங்களம் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

மிஸ்ஸிப் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒரு பிடிவாதக்காரி. 'நான் சொல்கிறேன் என்று எதையும் நம்பாதே. யார் சோதித்தார்கள், எதில் எழுதியிருக்கிறார்கள் என்று தேடு' என்பாள். இந்தச் சாமியின் புகழ் ஈப்போவுக்கு எட்டியபோதே மங்களம் நூலகத்தில் உட்கார்ந்துவிட்டாள். எந்த இதழில் என்ன வந்திருக்கிறது என்று சொல்லும், செங்கல் கனத்தில் அட்டவணைப் புத்தகங்கள். பல் என்று தேடினாள், புழு என்று தேடினாள், ஒன்றும் இல்லை. புகை என்று தேடியபோது ஒரு பழைய மருத்துவ இதழ் அகப்பட்டது. யாரோ ஒரு டாக்டர் இதே புகையைப் போட்டுப் பார்த்து எழுதியிருந்தார். அதைத்தான் இந்தத் தாளில் பார்த்து எழுதி வந்திருந்தாள்.

"இதுல போட்டிருக்கு. அது புழு இல்ல. சூடு பட்டதும் விதை வெடிச்சு, உள்ள இருக்கிற முளை வெளிய வந்து விழுது."

"எந்த ஊருல பாத்தாங்களாம்?" என்று கேட்டார் சாமி, ரொம்பப் பொறுமையாக.

"வெளிநாட்டுல..."

"அதான பாத்தேன். வெள்ளக்காரன் பல்லுல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது தாயி. நான் நம்ம ஆளு பல்லத்தான் பாக்குறேன்."

கூட்டம் சிரித்தது. "இங்கிலீஷு புழு வேறலா!" என்றார் ஒருவர்.

மங்களம் தாளை மடித்தாள். தாளில் இருப்பதைப் படித்துக் காட்டினால் யார் கேட்பார்கள்? தாளில் இருப்பதைச் செய்துதான் காட்ட வேண்டும்.

"அப்ப இங்கயே பாத்துருவோம். சின்னையா மாமா, நீங்க உக்காருங்க."

ரப்பர் பால்வெட்டுக் காலத்திலேயே பல்லையெல்லாம் பறிகொடுத்த சின்னையா பொக்கை வாயைத் திறந்து புகையை வாங்கினார். சாமி மறுப்பதற்குள் மங்களமே சிரட்டையைத் தூக்கினாள். தண்ணீர் நிறையப் புழு.

"அட பாவி! பல்லே இல்லாத வாயில எங்கடா குடியிருந்துச்சு?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஈறுல," என்றார் சாமி சட்டென்று. "ஈறுப் புழு இன்னும் மோசம்."

கூட்டம் தலையாட்டியது. ஈறுப் புழு மோசம்தானே!

மங்களம் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரோ காப்பி வாங்கி வந்த கெட்டிப்பால் டின் ஒன்று காலியாகக் கிடந்தது. தண்ணீரை மாற்றினாள், இரும்பின்மேல் விதையைப் போட்டாள், சிரட்டையை மூடி, தண்டின் நுனியை டின்னுக்குள் விட்டாள்.

"ஏய், தெய்வ குத்தம்!" என்று சாமி எழுந்தார்.

"உக்காரு சாமி," என்றார் சின்னையா, அவர் தோளை அமுக்கி. "நானும் பாக்கணும்."

சிரட்டையைத் தூக்கினாள். வெள்ளை வெளேரென்று மிதந்தன.

சின்னையா டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமி, இதுக்கு எந்தப் பல்லு வலிச்சிச்சு?"

சாமி செருப்பைத் தேடினார். கூட்டத்தில் ஒருத்தி மட்டும் விடவில்லை. "அதுல சீனிப்பாலு இருந்துச்சுல்ல, அதான் புழு வச்சிருக்கு" என்றாள். புத்தியைக் கடன் கொடுத்தவர்கள் அதைச் சுலபமாகத் திருப்பி வாங்குவதில்லை.

வீரம்மா டின்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், எழுந்தாள். "வண்டியக் கூப்பிடு."

மங்களம் படிக்கும் ஈப்போ ஆஸ்பத்திரியில் அன்றைக்கே கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் காய்ச்சலில் ஒரே பக்கமாகக் கிடந்ததில் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து படுக்கைப்புண் வந்தது. வார்டு சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"மங்களம், முட்டை வெள்ளைய அடிச்சு எடுத்துட்டு வா. புண்ணுல தடவி ஆக்ஸிஜன் காட்டணும்."

எல்லாப் படுக்கைப்புண்ணுக்கும் அந்த வார்டில் அதுதான் வைத்தியம். மங்களம் நூலகத்துக்கு ஓடினாள், செங்கற்களைப் புரட்டினாள். தடவு என்று எழுதியவர்கள் இருந்தார்கள். தடவாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட அவளுக்கு அகப்படவில்லை.

கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். சிஸ்டர் ஆக்ஸிஜன் குழாயோடு காத்திருந்தார். வீரம்மா கிண்ணத்தை எட்டிப் பார்த்து, மகளின் காதருகே கேட்டாள்:

"ஏன் கண்ணு, இத யாராச்சும் சோதிச்சுப் பாத்திருக்காங்களா?"

மங்களம் சிஸ்டரின் வெள்ளை உடுப்பைப் பார்த்தாள். காவி கட்டியவரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டாயிற்று. வெள்ளை உடுத்தியவரிடம் யார் கேட்பது?