குப்பையைப் பெருக்கிய குழு

உலகத்தில் இதுவரை நடந்த துப்புரவு இயக்கங்களுள் தலையாயது எங்கள் கிரெஸ்வில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இந்த எழுபத்தொன்பதாம் ஆண்டு நடந்த இயக்கமே என்று நான் சொன்னால், அடக்கம் காரணமாகக் குறைத்துச் சொல்கிறேன் என்றுதான் பொருள். அந்த இயக்கத்துக்கு 'உதவும்' குழுவின் செயலாளராக இருந்தவன் நான். பகலில் தோட்ட ஆபீசில் கிராணி என்னும் குமாஸ்தா வேலை. மற்ற நேரமெல்லாம் சமுதாயத்துக்கு உதவி. சமுதாயம் எவ்வளவோ தடுத்தும் நான் நிறுத்தியதில்லை.

இயக்கம் மிக எளிய முறையில், அதாவது மிகத் தவறான முறையில் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பில் பாப்பா என்று ஒரு பெண் படித்தாள். ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டும் ராக்காயியின் மகள். அவளுடைய தம்பி பத்துமலை ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் திடலில் ஓடும்போது மீன் டின் மூடி ஒன்று பையனின் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. தோட்ட ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தொழிலாளர் லயத்துக்கு நடந்த பாப்பா, மறுநாள் காலையில் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு தன் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினாள். ஆளுக்கொரு விளக்குமாறு வீட்டிலிருந்து கொண்டுவருவது. கடையில் பழைய சாக்கு கேட்பது. பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைப்பது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வேலை. அவ்வளவுதான் அவர்கள் திட்டம். அதில் ஒரு வரவேற்புரைகூட இல்லை!

நல்ல வேளையாக, அவள் அனுமதி கேட்கப் போனாள். தலைமையாசிரியர் ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்தார். எதையும் முறைப்படி செய்பவர். தும்மல் வந்தால்கூட நேரம் பார்த்துத்தான் தும்முவார்.

"நல்ல யோசனை பிள்ளை," என்றார். "ஆனா இதை இப்பிடிச் சும்மா செய்யேலாது. பெரியாக்கள் உதவி செய்ய வேணும்."

"உதவில்லாம் வேணாம் சார். ரெண்டு மணி நேரத்துல கூட்டிரலாம்."

"அதுதான் பிழை. ரெண்டு மணித்தியாலத்தில முடியிற காரியத்தை ஆர் மதிப்பினம்?"

இப்படித்தான் விஷயம் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் கார்த்திகேசு அண்ணன் புந்தோங்கில் மளிகைக் கடையும் ஒரு லோரியும் வைத்திருந்தார். தம் பிள்ளைகளை ஈப்போவில் வேறு பள்ளியில் சேர்த்திருந்தபடியால், எங்கள் பள்ளியைப் பற்றி நடுநிலையோடு சிந்திக்க வல்லவர். அவர் தலைமையில் முதல் கூட்டம் மூன்றாம் வகுப்பு அறையில் கூடியது. சிறுபிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் மூக்கைத் தொட உட்கார்ந்து, முதலில் பெயரைப் பற்றி விவாதித்தோம். ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு மலாயில் சொல்லும் 'கோத்தோங் ரோயோங்' என்றால் எல்லாருக்கும் புரிந்துவிடும் என்பதால் அது தள்ளுபடியானது. 'இளஞ்சிறார் துப்புரவு எழுச்சிப் பேரியக்கம்' என்று ஏகமனதாக முடிவு செய்தோம்.

ஜன்னலுக்கு வெளியே விளக்குமாற்றோடு நின்ற பாப்பா எட்டிப் பார்த்தாள். "கிராணி ஐயா, நாங்க கூட்ட ஆரம்பிக்கலாமா?"

"கூட்டத்தை முடிக்காம எப்படிமா கூட்ட முடியும்?" என்றேன். என் சிலேடையைக் குழு வெகுவாக ரசித்தது. அந்தப் பெண் ரசிக்கவில்லை. இலக்கியப் பயிற்சி போதாது.

இயக்கத்தை யாங் பெர்ஹோர்மாட் வந்து தொடக்கி வைக்க வேண்டும் என்று கார்த்திகேசு அண்ணன் முன்மொழிந்தார். எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான அவரை நாங்கள் சுருக்கமாக 'ஒய்.பி.' என்போம். கைதட்டல் அடங்கியதும் தலைமையாசிரியர் ஒரு நுட்பமான கேள்வி கேட்டார்.

"அவர் வாற நேரத்தில திடல் துப்புரவா இருந்தா, எதைக் கூட்டுவார்?"

பேரியக்கம் தொடங்கும் முன்பே அழிந்துபோகும் அபாயம்! உடனே தீர்மானம் போட்டோம்: ஒய்.பி. வரும்வரை திடலில் கிடக்கும் குப்பையை யாரும் தொடக்கூடாது. காவலுக்கு ஓய்வுபெற்ற தோட்டக் காவல்காரர் ஐயாவு நியமிக்கப்பட்டார். ஜப்பான்காரன் காலத்திலிருந்து கையில் விசிலோடு திரிபவர். திருட இவ்வளவு குப்பை இருந்தும் ஒருவரும் திருடாத திடல் என்றால், அந்தப் பெருமை அவரைத்தான் சேரும்.

ஒரே ஒரு 'திருட்டு முயற்சி' நடந்தது. பாப்பா உடைந்த போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் போனாள். விசில் பறந்தது.

"ஏ புள்ள! அத எங்கேருந்து எடுத்தியோ அங்கேயே வையி!"

"தாத்தா, இது கண்ணாடி. சின்னப் புள்ளைங்க காலுல ஏறிரும்."

"ஏறுனா ஏறட்டும்லா. ஒய்.பி. வாற வரைக்கும் அது கெவுர்மெண்டு சம்பா, கெவுர்மெண்டு குப்ப. கை வைக்கப்படாது."

நான் ஆபீசிலிருந்து வந்து சேர்ந்தபோது அவள் போத்தலை மார்போடு அணைத்தபடி நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. பொதுச்சொத்து என்றால் என்ன என்று அன்போடு விளக்கி, எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கச் சொன்னேன். வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஓய்வு நேரத்திலும் அந்தப் போத்தல் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓடிவந்தால் கையை விரித்து மறிப்பாள். விளையாடப் போகவேயில்லை. காவலுக்குக் கூடுதல் ஆள் கிடைத்தது என்று ஐயாவு மகிழ்ந்தார்.

ஒய்.பி. வருவதாகச் சொன்ன நாளில் அவருக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலைத் திறப்பு வந்துவிட்டது. அடுத்த தேதியில் ஹுத்தான் மெலிந்தாங்கில் மீனவர் விருந்து. அதற்கடுத்த தேதியில் அவருக்குச் சளி. நாங்கள் மனம் தளரவில்லை. குப்பையும் தளரவில்லை. குப்பைக்கு இத்தனை மரியாதை தரும் இடம் வேறெங்கும் இல்லை என்று செய்தி பரவியதும், உடைந்த நாற்காலி, கிழிந்த மெத்தை, லோரி டயர் எல்லாம் அடைக்கலம் தேடி வந்தன. கார்த்திகேசு அண்ணனே புந்தோங்கிலிருந்து வரும்போது கடையின் அழுகிய வெங்காயத்தை நன்கொடையாகக் கொண்டுவந்து இறக்கினார். குப்பையைப் பெருக்குவதாக ஊருக்கு வாக்களித்திருந்தோம், பெருக்கிக் காட்டினோம்.

பிறகு மழை பிடித்தது. பள்ளிக்கு முன்னால் ஓடும் லோங்காங் கால்வாய் குப்பையால் அடைத்துக்கொண்டு, சாக்கடைத் தண்ணீர் ஒன்றாம் வகுப்புக்குள் புகுந்தது. தையல் பிரித்துச் சில நாளே ஆன பத்துமலை, காலை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டு 'அ, ஆ' எழுதினான். கொசு பெருகிற்று. தலைமையாசிரியருக்குக் காய்ச்சல் வந்தது, முறைப்படி.

அந்த நிலையில் ஈப்போவிலிருந்து ஜெயபாலன் என்ற சுகாதார அதிகாரி வந்தார். மனிதருக்குப் பேச்சு குறைவு. திடலைப் பார்த்தார். லோங்காங்கைப் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இது என்ன சார்?"

"துப்புரவு இயக்கம்," என்றேன் பெருமையோடு.

"திங்கக்கெழம திரும்பி வாரேன். அப்பவும் இப்படியே இருந்தா பள்ளிக்கூடத்த இழுத்து மூடிருவோம். புள்ளைங்க டவுனுக்குப் போய்ப் படிக்கட்டும்."

டவுனுக்கு பஸ் பிடிக்கவே மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டும். காலையில் மரம் வெட்டப் போகிற தாய்மார் எந்தப் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? அன்று மாலை லயத்தில் ராக்காயி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கிராணி ஐயா, ஸ்கூல மூடுனா எம்புள்ளைங்க படிப்பு இதோட போச்சு. அதுங்க கூட்டுறேன்னுதான சொல்லுதுங்க. விட்டா என்ன?"

"பொறுப்பை உணர்ந்துதான் நாளைக்கே அவசரக் கூட்டம் போட்டிருக்கோம்மா," என்று ஆறுதல் கூறினேன். ஏனோ அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மூன்றாம் வகுப்பில் கூடினோம். மழைச் சாரல் அடிக்காமல் ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். பள்ளியை எப்படிக் காப்பாற்றுவது என்பதே பொருள். "சுத்தம் செஞ்சிட்டா?" என்று யாரோ ஒருவர் கேட்டார். கார்த்திகேசு அண்ணன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"தொடக்க விழா நடக்காம முடிச்சிட்டா அது இயக்கமா மச்சான்? வெறும் வேலைலா!"

தொடக்க விழா முடியும்வரை பள்ளியை மூடுவதை ஒத்திவைக்குமாறு அதிகாரியைக் கேட்டுக்கொள்வது என்று நீண்ட விவாதத்துக்குப் பின் முடிவாயிற்று. தீர்மானத்தில் 'தாழ்மையுடன்' என்பதா, 'பணிவுடன்' என்பதா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. தேநீர் இருமுறை வந்தது.

நாங்கள் உள்ளே உழைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வெளியே பாப்பா தன் படையோடு வந்திருக்கிறாள். அவர்களுக்குப் பின்னால் தோட்டக் கொட்டாயில் ரப்பர்ப் பாலை ஊற்றிவிட்டு வந்த ராக்காயியும் இன்னும் பல பெண்களும், கையில் மண்வெட்டியோடு. ஐயாவு விசிலை வாயில் வைத்தார். அங்கே நடந்த பேச்சை அவரே பிறகு எங்கள் குழுவின் விசாரணையில் சொன்னார்.

"தாத்தா, ஊதாதீங்க. இது ஒத்திகை."

"என்னாது?"

"ஒய்.பி. வரும்போது கூட்டணும்ல. தப்பாக் கூட்டிட்டா குழுவுக்கு அவமானம்ல. அதான் ஒத்திகை பாக்குறோம்."

"ஒத்திகைன்னா கூட்டுற மாதிரி சும்மா காட்டணும். எடுக்கப்படாது."

"எடுக்காம ஒத்திகை பாத்தா, அன்னிக்குத் தூக்கும்போது கனம் தெரியாம கையி நடுங்குமே தாத்தா!"

ஐயாவுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கிறது. சாக்கின் வாயை அவரே விரித்துப் பிடித்திருக்கிறார்.

நாங்கள் 'பணிவுடன்' என்று முடிவு செய்து கதவைத் திறந்தபோது, வெளியே திடல் இருந்தது. புல் இருந்தது. லோங்காங்கில் தண்ணீர் சலசலவென்று ஓடியது. குப்பை? ஒரு காகிதம்கூட இல்லை. கார்த்திகேசு அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"களவு போயிருச்சே! பாதுகாத்து வச்சதெல்லாம் களவு போயிருச்சே!"

அதே நேரம் பார்த்து ஆபீஸ் பையன் சைக்கிளில் வந்தான். ஒய்.பி. சனிக்கிழமை நிச்சயம் வருகிறாராம்.

வேறு குழுவாக இருந்தால் கலைந்துபோயிருக்கும். நாங்கள் கலங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கார்த்திகேசு அண்ணனின் லோரி புந்தோங்கிலிருந்து ஒரு லோடு குப்பையோடு வந்தது. ஒய்.பி.யின் கைபடும் குப்பை ஆயிற்றே; தரம் பார்க்க வேண்டாமா? நாற்றம் உள்ளவை நீக்கப்பட்டன. கூர்முனை உள்ளவை நீக்கப்பட்டன. குழு உறுப்பினர்களின் துணைவியர் டின்களைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் உலர்த்தினர். பத்துமலையின் காலைக் கிழித்த திடலில் ஒய்.பி.யின் விரல்கூடக் கீறிவிடக் கூடாது என்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தோம்.

பாப்பா வேலியோரம் நின்று, லோரி கொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு அள்ளுறது கிராணி ஐயா?"

"நீங்கதான்மா. இது உங்க இயக்கம்."

விழா சிறப்பாக நடந்தது. ஒய்.பி. வந்தார். ரிப்பன் கட்டிய விளக்குமாற்றால் கழுவிய டின் ஒன்றைத் தொட்டார். படம் எடுத்தார்கள். "குப்பை நம் மனத்தில் இருக்கிறது" என்று பேசினார். கைதட்டினோம். பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். விளக்குமாறு விருந்தினருக்கு மட்டுமே இருந்தபடியால் அவர்களுக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. பிறகு எல்லாரும் நாசி லெமாக் சாப்பிட்டு, இலையையும் தண்ணீர் பாக்கெட்டையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காரேறினோம். எங்கள் பணி தொடங்கி வைப்பதோடு முடிந்தது. தொடர்வது சிறுவர் கையில்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஈப்போவில் பாராட்டு விருந்தில் இருந்தேன். அன்று பாப்பாவும் பிள்ளைகளும் காலையிலிருந்து அள்ளினார்களாம். லயத்துப் பெண்கள் வாராந்திர ஓய்வை விட்டுவிட்டு வந்தார்களாம். பழைய குழி நிறைந்து இன்னொரு குழி வெட்டினார்களாம். திங்கட்கிழமை ஜெயபாலன் வந்து திடலைச் சுற்றிப் பார்த்தார். ஒன்றாம் வகுப்புத் தரையைக் கையால் தொட்டுப் பார்த்தார். பள்ளியை மூடவில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்று என் கையைக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற பாப்பாவின் உள்ளங்கை முழுவதும் கொப்புளம். குலுக்கினால் வலிக்குமே என்று அவள் சார்பிலும் நானே கை கொடுத்தேன்.

குழுவுக்கு மாலைகள் குவிந்தன. ஆனாலும் நாங்கள் பிள்ளைகளிடம் ஏற்படுத்திய மாற்றம்தான் பெரிது. அவர்கள் இப்போதெல்லாம் எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. அவ்வளவு தன்னம்பிக்கை! போன வாரம் பள்ளி வாசலில் உடைந்து கிடந்த சிறு பாலத்துக்குப் பாப்பாவும் மற்றவர்களும் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கொரு நல்ல பெயரும், ஒரு குழுவும், ஒரு தொடக்க விழாவும் வேண்டுமே என்ற கவலையோடு நான் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன்.

மரத்தடியில் நின்ற பத்துமலை என்னைப் பார்த்துவிட்டான். ஆணிகளையும் சுத்தியலையும் வாரிக்கொண்டு எல்லாரும் எழுந்திருக்கும்படி, தொண்டை கிழியக் கத்தினான்:

"அக்கா! உதவி வருது! ஓடுங்க!"