கழலாத கனெக்டரும் வாலாஜாபாத் சம்பந்தமும்

எது எப்போது கழன்று விழுமோ என்ற பயம் என் உடம்போடு பிறந்தது. கேஸ் ரெகுலேட்டர், பஸ் ஜன்னல் கம்பி, பக்கத்து சீட்டுக்காரரின் சட்டைப் பித்தான் என்று எதுவாக இருந்தாலும், ஒரு தடவை அழுத்திப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். (சட்டைப் பித்தானை அழுத்தி அடி வாங்கியிருக்கிறேன்.) இப்படிப்பட்டவன் ரோபோ பக்கமே போயிருக்கக் கூடாது. ரோபோவில் கழல முடியாத இடம் என்று ஒன்றுமே கிடையாது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆள் வராத மதியங்களில், யூடியூபைப் பார்த்து, பழைய பொம்மை மோட்டார்களை வைத்துச் சின்னச் சின்ன வண்டிகள் செய்வேன். அந்தச் சமயத்தில்தான் வாலாஜாபாத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் பெயர் கலைவாணி. பி.சி.ஏ. படித்தவள். போட்டோவைப் பார்த்த அன்று நான் சாப்பிட மறந்துவிட்டேன். அவள் அப்பாவுக்குத்தான் என் ஒன்பதாவது தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்த்து, பையனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு முடிவு சொல்வதாகத் தகவல் அனுப்பினார். பெண்ணும் கூட வருகிறாளாம்.

இரண்டு வார்த்தையா? என்னிடம் பெயரைக் கேட்டாலே பதில் வர நேரமாகும். அதனால் எனக்குப் பதில் என் ரோபோ பேசட்டும் என்று முடிவெடுத்தேன். நாலு சக்கரம், மேலே ஒரு தட்டு, தட்டில் டீ. சமையலறையிலிருந்து கிளம்பி வருங்கால மாமனார் முன்னால் போய் நிற்க வேண்டும்.

"ஏன்டா, டீயை நான் எடுத்துக்கினு வந்தா ஆவாதா? எனக்குக் கை இல்லையா?" என்றாள் அக்கா. அவள் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன்.

"இதைப் பார்த்தா அவங்க படிப்பைப் பத்தியே கேக்க மாட்டாங்கக்கா."

ஒத்திகையில் ரோபோ கூடத்தின் நடுவில் நின்றுவிட்டது. பேட்டரி ஒயரை மாட்டும் கனெக்டர் குலுங்கிக் கழன்றிருந்தது. திரும்ப மாட்டினேன், திரும்பக் கழன்றது. நல்ல பூட்டு வைத்த கனெக்டர் வாங்க சென்னைக்குப் போக வேண்டும். ஆகவே வீட்டில் கிடைத்ததை எல்லாம் முயன்றேன். ரப்பர் பேண்ட் தெறித்தது. இன்சுலேஷன் டேப் வெயிலில் இளகி வழுக்கியது. க்ளூ கன்னால் ஒட்டினேன். அருமையாக நின்றது. சார்ஜ் போடுவதற்காகப் பிடுங்கினால், கனெக்டர் அப்படியே இருக்க, ஒயர் மட்டும் கையோடு வந்தது.

என் தவிப்பைப் பார்த்து, வீட்டிலேயே தறி வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரர், மிச்சப் பட்டு நூலைக் கொடுத்தார். "இத்தப் போட்டுக் கட்டு மச்சான். யானை இழுத்தாலும் வராது." இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. ரோபோ வீடு முழுக்க ஓடியும் கனெக்டர் அசையவில்லை. காசே இல்லாமல் காரியம் முடிந்தது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஞாயிறு காலை பார்க்கிறேன், வெள்ளை நூல் கட்டு, அடிபட்ட காலுக்குப் போட்ட பேண்டேஜ் மாதிரி தெரிந்தது. நூல் அறுந்துவிட்டால் என்ற பயம் வேறு. தறிக்குப் பக்கத்தில் அறுந்த ஜரிகை கொஞ்சம் கிடந்தது. எடுத்து, கனெக்டர், பேட்டரி, சுவிட்ச் எல்லாவற்றையும் சேர்த்துச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். கல்யாண மாப்பிள்ளை போலத் தகதகவென்று இருந்தது.

அவர்கள் வந்தார்கள். மாமனார் வெள்ளை வேட்டியில் நாற்காலியில் உட்கார்ந்தார். ரோபோ டீயோடு புறப்பட்டது. கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நான் பெருமையோடு கூடவே நடந்தேன். வண்டி பாயின் விளிம்பில் ஏறிக் குலுங்கியது. சுவிட்சை அணைத்தேன். நிற்கவில்லை.

"இன்னாபா, இது நிக்காதா?"

"நிக்கும் சார்... நிக்கணும்."

மாமனார் காலை இந்தப் பக்கம் நகர்த்தினார். ரோபோவும் இந்தப் பக்கம் வந்தது. அவர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். ரோபோ நாற்காலியில் மோத, டீ எழும்பி வேட்டிக்குப் போனது. நான் பாய்ந்து கனெக்டரைப் பிடுங்கினேன். அது எப்படி வரும்? அக்கா இழுத்தாள். குந்தியபடியே மாமனாரும் இழுத்தார். ம்ஹூம். அதற்குள் புகை கிளம்பியது.

"முடி கருகுற நாத்தம் வருது!" என்று அலறினாள் அக்கா.

"முடி இல்ல, பட்டு" என்ற அவள் வீட்டுக்காரர், குனிந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, ஜரிகையா சுத்தின? அது வெள்ளிக் கம்பிடா! கரண்ட் சும்மா இருக்குமா?"

காஞ்சிபுரத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். குலுங்கியதில் ஜரிகை சரிந்து சுவிட்சின் இரண்டு காலையும் இணைத்துவிட்டது. நான் அணைக்க, அது ஓட்டியிருக்கிறது.

"தள்ளுங்க" என்று வந்த கலைவாணி, ரோபோவை அப்படியே கவிழ்த்துத் தூக்கினாள். சக்கரங்கள் காற்றில் சுற்றின. தறிக் கத்தரி வந்தது, கட்டு அறுந்தது, வீடு அமைதியானது. அந்த அமைதியில், யாரும் கேட்காமலேயே என் வாய் உளறியது: "நான் ஒம்போதாவதுதான் சார் படிச்சேன்."

"அது தெரியுதுபா" என்றார் மாமனார், வேட்டியைப் பிழிந்துகொண்டே.

முடிந்தது என்று நினைத்தேன். கலைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "கரண்ட் பாடமே பத்தாவதுலதான்பா வருது. அவரு இன்னா பண்ணுவாரு?"

(ஒன்பதாவதிலும் வருகிறது. அன்றைக்கு நான் லீவு.)

மாமனார் அவளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். செருப்பு மாட்டும்போது அக்காவிடம், "நல்ல நாள் பாரும்மா. ஆனா கல்யாணத்துல டீயை மனுசங்களே குடுக்கட்டும்" என்றார்.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். மாமனார் இன்றைக்கும் எங்கள் வீட்டில் டீ வாசனை வந்ததும் இரண்டு காலையும் நாற்காலிமேல் வைத்துக்கொள்வார். தாத்தாவைப் பார்த்து மகளும் பழகிவிட்டாள். அங்கன்வாடியில் சாப்பாட்டுத் தட்டு வந்தாலே காலைத் தூக்குகிறாளாம். அவளைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் தூக்குகிறார்களாம்.

போன வாரம் நாங்கள் மகளைக் கூட்டிவரப் போனபோது, டீச்சர் கலைவாணியை நிறுத்திக் கேட்டார்: "உங்க வூட்ல இது இன்னா வழக்கம்மா?"

கலைவாணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"வேண்டுதல் டீச்சர்" என்றாள்.