இடது காலின் விடுதலை

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து மனிதனின் இடது காலுக்காகக் குரல் கொடுத்தவர் யாரும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த பெருமை எங்கள் குடும்பத்தையே சேரும். என் அப்பாவின் இடது காலைக் கிளட்ச்சின் அடிமைத்தனத்திலிருந்து மீட்க நாங்கள் ஒன்பது கூட்டங்கள் நடத்தினோம். ஒன்பதுக்கும் குறிப்பு எழுதிய செயலாளர் நான். ஆகவே இந்த வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர் கிடையாது என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அலுவலகத்தில் எனக்குச் சுற்றறிக்கை எழுதும் வேலை. "இனிமேல் சுற்றறிக்கைகள் குறைக்கப்படும்" என்று இந்த ஆண்டு மட்டும் நான்கு சுற்றறிக்கை எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வீட்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது எழுபத்திரண்டு. அவருடைய காருக்கு இருபத்தொன்று. ஐந்து கியர், கனமான கிளட்ச், சாத்தினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் கதவு. பொத்தானை அமுக்கினால் தானாகப் போகும் பெட்டிகளோடு முப்பத்தைந்து வருடம் கழித்தவர், ஏனோ தானாகப் போகும் எதையும் நம்புவதில்லை. "தானா போறது தானாவே நிக்கும். அதுவும் ரெண்டு மாடிக்கு நடுவுல" என்பார்.

அம்மாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பியது. அம்மாவின் பேச்சுக்கு எதிரே வர எந்த நோய்க்கும் துணிச்சல் கிடையாது. வாரம் மூன்று நாள் அப்பா அவளைக் காரில் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனார். வீட்டில் அமுக்கிப் பழக நாங்கள் ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தோம். "இது நாய்க்குட்டிக்குப் போடுற பந்து. இதை நான் எதுக்கு அமுக்கணும்?" என்று அம்மா அதை ஜன்னலோரம் வைத்துவிட்டாள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசைதான். தன் தலையைத் தானே வாரிக்கொள்ள வேண்டும். தினமும் அக்கா வந்து வாரிவிடுவாள். "தலையை வாரச் சொன்னா வயலை உழுதுட்டுப் போறா" என்பது அம்மாவின் நிரந்தரப் புகார். ஆனால் யாரும் எதிர்பாராதபடி கை மெல்ல மெல்லத் தேறியது. முதலில் டம்ளரைப் பிடித்தாள். பத்தாவது மாதம் சீப்பைப் பிடித்துப் பாதித் தலை வாரினாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. பந்து வாங்கிக் கொடுத்தது நாங்கள்தானே.

அந்த நேரத்தில்தான் அத்தான் அந்தப் பயங்கரத்தைக் கண்டுபிடித்தார். அக்காவின் கணவரான அவர் காப்பீட்டு நிறுவனத்தில் ஆபத்து மதிப்பீட்டாளர். நாற்காலியைப் பார்த்தால் நமக்கு உட்காரத் தோன்றும். அவருக்கு அது எந்தப் பக்கம் சாயும் என்று தோன்றும். ஒருநாள் அப்பாவின் காரில் பின் சீட்டில் உட்கார்ந்து போனவர், திரும்பி வந்ததும் என்னையும் அக்காவையும் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"கியர் போடுறது மாமா இல்லை."

"பின்னே யாரு?"

"அத்தை! மாமா கிளட்ச்சை மிதிச்சுட்டு 'ரெண்டு'ங்கிறார். அத்தை பக்கத்து சீட்டுல இருந்து வலது கையை நீட்டி ரெண்டுல போடுறாங்க. 'மூணு'ங்கிறார். மூணுல போடுறாங்க. வழி முழுக்க இதேதான். கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்."

அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு அவ்வளவு முடியாமப் போச்சா? வெளிய சொல்லிக்காம, பாவம், அம்மா கையை வெச்சு ஓட்டிட்டு இருக்காரே!"

ஒருவருடைய இயலாமையைப் பற்றி அவரிடமே கேட்பது நாகரிகம் ஆகாது. எனவே நாங்கள் கேட்கவில்லை. கூட்டம் போட்டோம்.

முதல் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. அக்கா தலைவர், அத்தான் "தொழில்நுட்ப வல்லுநர்", நான் செயலாளர். பொருள்: "மூத்த குடிமகனும் தானியங்கி வாகனமும்." அப்பா "சிறப்பு அழைப்பாளர்". சிறப்பு அழைப்பாளருக்கு வாக்குரிமை கிடையாது என்று விதி இருக்கிறது. விதியை முந்தின நாள் நான்தான் எழுதினேன். அம்மா அழைக்கப்படவில்லை. நோயாளியைக் களைப்படையச் செய்யக் கூடாதல்லவா?

அத்தான் மடிக்கணினியில் வண்ண வண்ணமாக வட்டங்கள் காட்டினார்.

"கியர் வண்டியில ஒரு கிலோமீட்டருக்கு மாமாவோட இடது கால் பதினெட்டு தடவை மிதிக்குது. ஆட்டோமேட்டிக்ல எத்தனை தெரியுமா? பூஜ்யம்!"

"அப்போ இடது கால் என்ன செய்யும், மாப்ளே?" என்றார் அப்பா.

"ஓய்வெடுக்கும், மாமா."

"என் காலுக்கு ஒண்ணுமில்லையே. நேத்துக்கூட லிஃப்ட் நின்னுபோச்சுன்னு மூணு மாடி ஏறிட்டு வந்தேன்."

"ஒண்ணுமில்லைன்னு சொல்றதுதான்பா முதல் அறிகுறி" என்றாள் அக்கா.

அப்பா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தக் கியர் விஷயமாத்தான் இதெல்லாமா? அது உங்க அம்மா கை..."

"தெரியும்பா." அக்காவின் கண் கலங்கியது. "எங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க உங்க வாயால சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம்."

"அது இல்லைம்மா. அந்தக் கைக்கு..."

"இதர விஷயங்கள் கடைசியில" என்றேன் நான்.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "விடுங்க. சொன்னா அதுக்கும் தனியா ஒரு கூட்டம் போடுவாங்க."

கடைசியில் நேரம் போதவில்லை. தலைவர் வீட்டுக்குத் துணி துவைக்கப் போக வேண்டியிருந்தது. அன்றைய குறிப்பில் நான் எழுதியது இது: "சிறப்பு அழைப்பாளர் ஏதோ கூற முற்பட்டார். நேரமின்மையால் தவிர்க்கப்பட்டது."

அடுத்த ஆறு கூட்டங்களில் வண்டியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தோம். எட்டாவது கூட்டம் பழைய காரைக் கொடுத்துவிட்டு வெள்ளை நிற ஆட்டோமேட்டிக் வாங்குவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. "ஒருமனதாக" என்றால் எங்கள் மூன்று மனம். பழைய கார் போன அன்று அப்பா அதன் கியர்த் தடியின் உருண்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கப்போகும் வண்டியை எதற்குத் துடைக்கிறார் என்று அத்தான் வியந்தார். முதுமையின் இன்னொரு அறிகுறியாக இருக்கலாம் என்று குறித்துக்கொண்டோம்.

புது வண்டியின் முதல் பயணத்தில் நாங்கள் மூவரும் பின்னால் ஏறிக்கொண்டோம். வண்டி நகர்ந்ததும் அம்மாவின் வலது கை பழக்கதோஷத்தில் தடியை நோக்கிப் போனது.

"அத்தை, தொடாதீங்க!" என்று அத்தான் அலறினார். "எல்லாம் தானா மாறிக்கும்!"

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் கை மடியிலேயே இருந்தது.

ஆட்டோமேட்டிக் வந்த பிறகு இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. பழைய காரை வீட்டில் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. புதியதை எல்லோரும் ஓட்டலாம். ஒரு வண்டியைச் சும்மா நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், வாரத்தில் ஐந்து நாள் நானே அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். சனிக்கிழமையின் பொறுப்பை அக்கா ஏற்றாள். அப்பாவும் அம்மாவும் பிசியோதெரபிக்கு வாடகைக் காரில் போனார்கள். அப்பாவின் இடது காலுக்கு முழு விடுதலை கிடைத்தது. வலது காலுக்கும் சேர்த்தே கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் எனக்கு விடுமுறை. நானே அவர்களைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன். அங்கே அம்மாவுக்குப் பயிற்சி கொடுப்பவர் முப்பது வயதுப் பெண். அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"என்னம்மா, கை இறுகிக்கிட்டே வருது? சீப்பு பிடிக்க முடியுதா?"

"பிடிக்குது. பிடிச்சதை விட மாட்டேங்குது" என்றாள் அம்மா.

"விரலை மடக்கிப் பிடிக்கிறது சுலபம்மா. பிரிச்சு விடுறதுதான் கஷ்டம். முன்னாடி அது நல்லா வந்துட்டு இருந்துச்சே. கை வழக்கமாச் செஞ்ச வேலை எதையாவது நிறுத்திட்டீங்களா?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அப்பாதான் சொன்னார். "கியர் போட்டுட்டு இருந்தா. பந்தைத் தொட மாட்டேன்னா. சரி, இதையாவது செய்யட்டும்னு நான்தான் பழக்கினேன். போகும்போது அறுபது தடவை, வரும்போது அறுபது தடவை."

பயிற்சியாளர் துள்ளி எழாத குறை. "பிடிச்சு, இழுத்து, தள்ளி, விட்டு... இதைவிட நல்ல பயிற்சி நானே சொல்லியிருக்க முடியாது! அந்த வண்டி எங்க இருக்கு?"

"குடுத்துட்டாங்க" என்றார் அப்பா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டின் படத்தை ஊன்றிக் கவனித்தேன். மனித உடலில் இருநூற்று ஆறு எலும்புகள் இருக்கின்றன.

அன்று மாலையே ஒன்பதாவது கூட்டம் அவசரமாகக் கூடியது. நடந்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. "தகவல் இடைவெளி" என்று அத்தான் சொன்னார். "அப்பா அன்னைக்கே தெளிவாச் சொல்லியிருக்கலாம்" என்று அக்கா வருத்தப்பட்டாள். பழைய காரைத் தேடிப் பிடிக்கலாமா என்று நான் கேட்டேன். எட்டாவது தீர்மானத்தை ஒன்பதாவது கூட்டம் ரத்து செய்தால் குழுவின் மானம் கப்பலேறிவிடும் என்று தலைவர் சுட்டிக்காட்டினார். முடிவில் "கைவீரன்" என்ற நவீனக் கருவி வாங்கப்பட்டது. அதன் பிடியை அமுக்கினால் சிறு திரையில் எண் ஓடும். பத்து முறைக்கு ஒருதரம் ஒரு பெண் குரல் "சபாஷ்" என்று சொல்லும்.

"இந்த வயசுல ஒரு டப்பாகிட்ட சபாஷ் வாங்கணும்னு இருக்கு" என்றாள் அம்மா. ஆனாலும் மறுக்காமல் பெட்டியை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கைவீரன் அற்புதம் செய்தது. ஆறே வாரத்தில் கை இளகியது. ஒருநாள் காலை அம்மா கண்ணாடி முன் நின்று தலை முழுவதையும் தானே வாரி முடிந்துகொண்டாள். அக்கா சீப்போடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், அதை மறைப்பானேன். பிறகு எங்களுக்கு நாங்களே நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டுக் கையெழுத்து வாங்கினேன். அப்பாவும் அம்மாவும் அதைக் கேட்க வீட்டில் இல்லை. அந்த ஆறு வாரமாகவே தினமும் ஒன்பது மணிக்கு "நடந்துட்டு வர்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. வெள்ளைக் காரில் விரைந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார் ஒன்று, கூரையில் மஞ்சள் பலகையோடு ஊர்ந்தது. சிக்னலில் பச்சை விழுந்தது. அது மெல்ல நகர்ந்தது, கொஞ்சம் வேகம் எடுத்தது, காரணமே இல்லாமல் மறுபடி மெதுவானது. மறுபடி வேகம், மறுபடி நிதானம். இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் எதற்குக் கார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் இடது காலுக்கு வேலை இல்லை, இடது கைக்கும் வேலை இல்லை. ஹாரன் அடித்தேன். நன்றாக அமுக்கி, நீளமாக அடித்தேன்.

முன் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை எழுந்தது. மணிக்கட்டில் பிசியோதெரபியில் கொடுத்த பழுப்பு நிறப் பட்டை. ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிந்து, "போ, போ" என்று எனக்கு வழி காட்டின.

அடுத்த சிக்னலில் அந்தக் காரின் பக்கத்தில் போய் நின்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அப்பா. பக்கத்து சீட்டில் அம்மா, கை கியரின் மேல். கற்றுக்கொடுக்க வேண்டியவர் பின் சீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?" என்றேன், கண்ணாடியை இறக்கி.

"கூட்டம்" என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கு மேல சேர்க்கிறதில்லை."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு" என்றார். அம்மா போட்டாள். பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள். ஐம்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவர், தன் மனைவியின் கைக்கு ஒரு கியர்த் தடி கிடைப்பதற்காக, கற்றுக்குட்டி என்ற பலகையைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்து ஹாரன் அடித்தவன் நான்.

அன்று மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து கைவீரன் பெட்டியை இழுத்துப் பார்த்தேன். ஒட்டிய நாடா பிரிக்கப்படவே இல்லை. பிறகு குறிப்பேட்டை எடுத்து முதல் கூட்டத்தின் பக்கத்தைத் திறந்தேன். "சிறப்பு அழைப்பாளர் ஏதோ கூற முற்பட்டார். நேரமின்மையால் தவிர்க்கப்பட்டது." அதில் "நேரமின்மையால்" என்பதை அடித்துவிட்டு, மேலே "எங்களால்" என்று எழுதினேன். தலைவரின் ஒப்புதல் கேட்காமல் இந்தச் செயலாளர் செய்த முதல் திருத்தம் அது.

மறுநாளும் காரை நான்தான் எடுத்துப் போனேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாதல்லவா?