ரெட்டோ பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவள்

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவளிடம் மைக்கைக் கொடுக்கவே கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டது நான் மட்டுமல்ல, எங்கள் ஊரே.

அப்போது கடத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர் மகளிர் குழுவுக்கு நான் செயலாளர். நகரத்து அருங்காட்சியகம் ஒன்று, உள்ளூர்க் குழுக்களோடு சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு அறிவியல் மையம் தொடங்கப் போவதாக அறிவித்தது. எங்கள் பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பைப் புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்தவர்கள். நடையாய் நடந்து விண்ணப்பித்தேன். முதலில் ஒருநாள் நிகழ்ச்சி. நன்றாக நடந்தால் மையம் எங்களுக்கு, சொதப்பினால் பக்கத்து ஊருக்கு. (பக்கத்து ஊர்க் குழுவின் தலைவி என் சித்தி மகள். அவளிடம் தோற்பதா?)

அந்த நாளும் வந்தது. அருங்காட்சியக மேடம் மைக்ரோஸ்கோப்பைக் குழுக் கட்டடத்தில் வைத்து, அதில் தெரிவது டிவியிலும் தெரியும்படி இணைத்துவிட்டு, மற்ற பெட்டிகளை இறக்க வேனுக்குப் போனார். அந்த இடைவெளியில் எங்கள் தலைவி சரோஜாக்கா சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக வந்து நின்றார். எங்கள் பக்கம் டிராக்டரோ மிக்சியோ, பொட்டு வைக்காமல் எதையும் ஓட விடமாட்டோம்.

"இதுக்கு நெத்தி எது கண்ணு?" என்றார்.

"இந்தக் கண்ணாடிதாங்க்கா மெயினு. இது மேலயே வெய்யிங்க" என்று சொட்டு வைக்கும் கண்ணாடித் துண்டைக் காட்டினேன். (படித்தவள் வழிகாட்டினாள்!)

அதற்குள் பிள்ளைகள் நெருக்கியடித்தார்கள். மேடம் வரட்டும் என்று இருந்திருக்கலாம். நான் மைக்கை எடுத்து, குடத்திலிருந்து ஒரு சொட்டு டேங்க் தண்ணீரை அந்தக் கண்ணாடியில் விட்டேன். டிவி முழுக்கச் சிவப்புச் சிவப்பாக உருண்டைகள் மிதந்தன.

"பசங்களா, இது பயங்கரமான கிருமி. பேரு ரெட்டோ பாக்டீரியா!" என்று முழங்கினேன். (அந்தப் பெயர் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது.)

பின்னால் நின்ற பெண்கள் பதறினார்கள். "நம்ம டேங்க் தண்ணியிலயாங்க?"

"ஆமாங்க. கோடிக்கணக்குல இருக்குது."

அவ்வளவுதான். ஐந்தே நிமிடத்தில் எல்லா வீட்டுக் குடங்களும் தெருவில் கவிழ்ந்தன. அடுத்துத் தண்ணீர் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்கும் டேங்க் ஆபரேட்டருக்கும்தான் தெரியும். பிள்ளைகளோ கவிழ்ப்பதற்கு முன் ஆளுக்கொரு டம்ளர் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பழைய சொட்டைச் சரித்துவிட்டு அதே கண்ணாடியில் புதுச் சொட்டு விட்டேன். எல்லாவற்றிலும் சிவப்பு.

"எங்க வூட்டுலதான் கிருமி ஜாஸ்தி!"

"போடா, எங்க வூட்டுலதான்!"

தெருவில் ஓடிய தண்ணீரைத் தாண்டி மேடம் உள்ளே வந்தார். டிவியைப் பார்த்தார். தன் புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு விட்டார்.

"ஐ! மேடம் தண்ணியிலயும் கிருமி!" என்று ஒரே கைதட்டல்.

அவர் கைக்குட்டையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி சொட்டு விட்டார். டிவி வெள்ளை வெளேரென்று இருந்தது. கைக்குட்டையில் மஞ்சளும் சிவப்பும். மேடம் சரோஜாக்காவின் விரலைப் பார்த்தார். சரோஜாக்கா அந்த விரலை என் பக்கம் நீட்டினார்.

மையம் போயிற்று என்றே நினைத்தேன். வெட்கத்தைவிட, இந்தப் பிள்ளைகள் மறுபடி புத்தகப் படத்துக்கே போக வேண்டுமே என்பதுதான் வலித்தது. ஆனால் அவர்கள் மேடத்தை விட்டால்தானே!

"எங்க தண்ணியயும் தொடச்சிட்டுப் பாருங்க மேடம்!"

"பாசித் தண்ணி எடுத்தாரட்டுங்களா மேடம்?"

சோற்றுக்குக்கூட ஒருவனும் போகவில்லை. சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கிளம்பும்போது மேடம் சொன்னார்: "எவ்வளவோ ஊர் போயிருக்கேன். இப்படி விடாம கேக்கற பசங்கள இங்கதாங்க பாக்கறேன். மையம் உங்களுக்குத்தான். ஆனா மைக்க மட்டும் நீங்க தொடாதீங்க."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அன்று இருட்டும்வரை வயல் கிணற்றிலிருந்து சைக்கிளில் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தேன்.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க அரூரிலிருந்து வந்தார்கள். அவ்வளவு தூரம் கதை போயிருக்காது என்று நிம்மதியாகக் காபித் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, டம்ளரத் தொடச்சிட்டுத்தான ஊத்தின?"

வீடே சிரித்தது. கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் என் மாமியார் நான் கொடுக்கும் டம்ளரை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரர் அக்கறையாகக் கேட்பார்: "செவப்பு ஏதாச்சும் தெரியுதாம்மா?"