வலைப்பூவில் போட்ட வடை

வலைப்பூ எழுதுகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள் என்று யார் எதை எழுதினாலும் விடாமல் படிப்பேன். தலைப்பு நீளக்கூடாது, பத்தி பெருக்கக்கூடாது என்பார்கள். வருங்கால மாமியாரைப் பற்றி எழுதாதே என்று ஒருவரும் சொன்னதில்லை.

நான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன புதிது. உயிரே போனாலும் வாரம் ஒரு பதிவு போட்டே தீருவது என்ற வைராக்கியம். ஆந்திர எல்லையில் எங்கள் நகரிப் பக்கம் வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தெலுங்கு. நான் மட்டும் வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டவள். ஆகவே சொந்தக்காரர்களைப் பற்றித் தமிழில் என்ன எழுதினாலும் பத்திரம் என்று கணக்குப் போட்டேன். (அறிவுக்கொழுந்து.)

சத்தியவேட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தது ஒரு சனிக்கிழமை. மாப்பிள்ளையை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. அவர் அம்மா, பெருமாளுக்கு விரதம், சோறு தொடமாட்டேன் என்றார். பிறகு வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வாரப் பதிவு தானாகவே அமைந்துவிட்டது: 'திருமலைப் பெருமாளே இறங்கி வந்திருந்தாலும் அன்று அவருக்கு ஒரு வடை மிஞ்சியிருக்காது.'

அதோடு விட்டேனா? மாப்பிள்ளையிடம் பெருமையாக வலைப்பூ முகவரியையும் கொடுத்தேன். அவரும் தெலுங்கு மீடியம்தானே என்ற தைரியம். அவரோ ஆசையாக அந்தப் பதிவைப் பிரிண்ட் எடுத்து, திருத்தணியில் தமிழ் படித்த தன் மாமாவிடம் கொடுத்துவிட்டார். நிச்சயதார்த்தத்தன்று அந்த மாமா, "நம்ம பொண்ணு எழுதினதாம், எல்லாரும் கேளுங்க" என்று சபை நடுவில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் காது இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வடை வந்த இடத்தில் மாமாவின் குரல் தேய்ந்து நின்றது. என் நைனா தரையைப் பார்த்தார். தாம்பூலத் தட்டு இன்னும் மாறவில்லை. கல்யாணம் போயே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மாப்பிள்ளையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. நேரே அவர் அம்மா முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, எழுதினது தப்புதான். ஆனா நான் உங்க பையனத்தான் கட்டிக்குவேன்."

அத்தை அந்தத் தாளை வாங்கி, தனக்குப் படிக்க வராத எழுத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் துன்னதெல்லாம் எழுதிக்கீறே, சரி. வடையில உப்பே இல்ல, அத ஏம்மா எழுதல?"

(சுட்டவள் நான்.)

சபையே சிரித்தது. தட்டு மாறியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சனிக்கிழமை வடை சுட்டால், அத்தை முதல் வடையைக் கடித்துவிட்டு, அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிச் சொல்வார்: "உப்பு சரியா கீது. எழுதிக்கோ."